அந்தோனியாருக்கு நேர்ந்த பன்றி

இத்தால் ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் வாழும் தமிழ் மக்களுக்கும், அவர்தம் உற்றார் உறவினருக்கும், அப்பகுதிக் காடுகளில் வசிக்கும் பன்றிகளுக்கும் அறியத்தருவது யாதெனில்: மேல்ரைன் தமிழர் ஒன்றியத்தின் தலைவரும், சமூகச்சுடரும், வில்வித்தை வீரருமாகிய திருவாளர் விஜயரத்தினம் அவர்கள், இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு ஒளிவிழா விருந்துக்கான பன்றியைத் தமது திருக்கரத்தாலேயே வில்வளைத்து வீழ்த்தித் தரச் சித்தம் கொண்டுள்ளார்.

இந்த அறிவித்தல் எங்கும் அச்சாகவில்லை. எங்கள் வீட்டுச் சமையலறையில், இடியப்பக் கோப்பைக்கு முன்னால் எழுந்து நின்று அவரே சொன்னார். பன்றிகளின் காதுக்கு அது எட்டியதோ தெரியாது. வேறு யாருடைய காதுக்கோ எட்டிவிட்டது.

விஜயரத்தினம் என் மனைவி றீற்றாவின் தமையன். முறைக்கு எனக்கு மச்சான். ஆனால் மச்சான் என்று கூப்பிட்டால் அவருக்குக் காது கேளாது. அண்ணை என்றால் தலை திரும்பும். தலைவர் என்றால் முழு உடம்பும் திரும்பும்.

அந்தக் கோடையில்தான் ஒரு வில்வித்தைக் கழகத்தில் சேர்ந்திருந்தார். காட்டோரத்தில் நுரைரப்பரில் செய்த மான், கரடி, பன்றி எல்லாம் நிறுத்தி வைத்திருப்பார்கள். நடந்து நடந்து அவற்றுக்கு அம்பு விடலாம். நுரைப் பன்றி ஓடாது, பாயாது, பொலிசுக்குப் போகாது. விருந்தினர் பிரிவில் தலைவருக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. அந்தப் பிரிவில் போட்டியிட்டது மூன்று பேர். கிண்ணத்தை ஒன்றிய மண்டபத்தில் மாதா சுருவத்துக்குப் பக்கத்தில் வைத்தார். சில கிழமைகளில் கிண்ணம் நடுவுக்கு வந்து, மாதா ஓரத்துக்குப் போயிருந்தார்.

இந்த நாட்டில் வில்லை எவனும் வாங்கலாம். நுரைக்கு விடலாம். உயிருக்கு விட்டால் குற்றம். அதை அவருக்குச் சொன்னேன்.

"அண்ணை, உது களவு வேட்டை. பிடிச்சால் கோடு, கச்சேரி எண்டு போகும்."

"ஊரிலை பன்றி அடிக்க ஆரட்டைக் கேட்டனாங்கள்?"

"உது ஊர் இல்லை."

"அதுதான் உம்மடை பிழை, மகேந்திரராஜா. நீர் இன்னும் அகதி மாதிரி யோசிக்கிறீர்."

நான் அகதி மாதிரி யோசிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நான் அகதியாக வந்தவன். எண்பத்தாறில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கியவன், இன்னும் இறங்கி முடிக்கவில்லை. றீற்றா ஜெர்மன்காரி ஆகிவிட்டாள், மகள் லவினியாவும் ஆகிவிட்டாள். என்னுடைய குடியுரிமை அன்ட்ராக், அந்த விண்ணப்பம் மட்டும் மேசைக்கு மேசை உலாவி, கடைசியில் அலுவலகத்துக்கு வரச்சொல்லி மாசி மாதத்துக்கு ஒரு டெர்மின் தந்திருந்தது. அதுவரைக்கும் என் பெயரில் ஒரு குற்றமும் பதியக் கூடாது. விமான நிலையத்தில் அவர்கள் இருவரும் ஒரு வரிசையில் சர்ரென்று போய்விட, நான் மற்ற வரிசையில் நிற்பேன். கண்ணாடிக்கு அப்பால் நின்று லவினியா கைகாட்டுவாள், மறியல் கம்பிக்குள் இருப்பவனைப் பார்க்க வந்தவள்போல. அந்தக் கண்ணாடியைக் கழற்றுவதற்காகவே சிவப்பு விளக்கில் சைக்கிளைக்கூட நிறுத்தி, ஒரு வாகனமும் இல்லாத தெருவில் மழையில் நனைந்துகொண்டு நின்றவன் நான்.

"நான் வரேல்லை," என்றேன்.

தலைவரின் சாரதிப் பத்திரம் அந்த நாட்களில் பொலிசிடம் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. ஆகவே கார் ஓட ஆள் வேண்டும். றீற்றா என்னைப் பார்த்தாள்.

"அண்ணை தனியப் போய் ஏதும் நடந்தால் நான் ஆருக்குப் பதில் சொல்லுறது? நீங்கள் காரை மட்டும் ஓடுங்கோ. இறங்கவே வேண்டாம்."

கலியாணமானவர்களுக்குத் தெரியும், இதற்குப் பெயர் ஆலோசனை அல்ல.

கார்த்திகை மாதத்து முதல் சனிக்கிழமை. விடியும் நேரம். கார்ல்ஸ்ரூஹேக்கும் வால்டோர்ஃபுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் அந்தக் காட்டுக்குள் கார் நுழைந்தபோது பனிப்புகார் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது. வழி நெடுகத் தலைவர் பாடம் எடுத்தார்.

"ஜெர்மன் வேட்டைக்காரனுக்கு ஒரு மரியாதை இருக்கு, மச்சான். விழுந்த மிருகத்தை வலப்பக்கமாச் சரிச்சுக் கிடத்துவான். பிறகு ஓக் மரத்திலை ஒரு சின்னக் கொப்பு முறிச்சு அதின்ரை வாயுக்கை வைப்பான். கடைசிக் கவளம் எண்டு சொல்லுறது. வைச்சுப்போட்டு 'வைட்மன்ஸ்ஹைல்' எண்டு வாழ்த்துச் சொல்லுவாங்கள். எங்கடை ஆக்களுக்கு உந்தப் பண்பாடு ஒண்டும் தெரியாது."

களவெடுக்கப் போகும்போதும் பண்பாடு.

மரங்களுக்கு நடுவே கார் நிறுத்தும் இடம். ஒரு வரைபடப் பலகை, ஒரு வாங்கு, நிரம்பி வழியும் குப்பைத்தொட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் நடக்க வரும் சாதாரண இடம்தான். தலைவர் இறங்கி, புத்தம் புதிய பச்சைச் சட்டையை இழுத்துவிட்டு, முனைகளில் சில்லுகள் பூட்டி யந்திரம்போலிருந்த வில்லைத் தோளில் மாட்டினார். பிறகு இடுப்பிலிருந்து ஒரு கறுத்தப் பொருளை எடுத்தார்.

கைத்துப்பாக்கி.

வேறு கார் ஏதும் நிற்கிறதா என்று சுற்றிப் பார்த்தேன்.

"என்னண்ணை உது?"

"தற்பாதுகாப்பு."

"ஆரிட்டையிருந்து?"

"பன்றி பாய்ஞ்சால்? ஓநாய் வந்தால்? எங்களை அடிக்கிற மொட்டைத் தலையங்கள் வந்தால்? வில்லோடை போறவன் பக்கத்துணைக்கு ஒரு பிஸ்ரல் வைச்சிருக்கிறது உலக வழக்கம். செக் எல்லையிலை எடுத்தது. ஒறிஜினல்."

"பத்திரம் இருக்கோ?"

"தற்பாதுகாப்புக்கு என்ன பத்திரம்? இந்தாரும், நீர் வைச்சிரும். வில்லு இழுக்கேக்கை இடுப்பிலை குத்துது."

"ஏலாது. என்னாலை ஏலவே ஏலாது. எனக்கு மாசியிலை டெர்மின் இருக்கு, அண்ணை."

"ஓம் ஓம், உலகத்திலை உமக்கு மட்டும்தான் டெர்மின். பிடியும்."

பிடிக்கவில்லை. அவர் என் சட்டைப் பைக்குள் திணித்துச் சிப்பையும் இழுத்துவிட்டார். நான் போட்டிருந்தது பொதி பிரிக்கும் வேலைத்தலத்துச் சட்டை. அதே பைக்குள் என் படமும் பெயரும் போட்ட வேலை அட்டை கிடந்தது. உதறி எறிந்துவிட்டுக் காருக்குள் ஏறியிருக்கலாம். ஆனால் கார்த் திறப்பு அவர் கையில். இறங்கும்போதே கழற்றி எடுத்துவிட்டார். தலைவராவதற்கு வேண்டிய ஒரேயொரு திறமை அதுதான்: அடுத்தவனின் திறப்பைக் கையில் வைத்திருப்பது.

நடந்தோம். நிலம் மணல். காலடி கேட்கவில்லை. பைன் மரங்களின் மேற்பாதி புகாருக்குள் தொலைந்திருந்தது.

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு கல் நின்றது. இடுப்பளவு உயரம், பாசி பிடித்த மணற்கல். மேலே ஒரு சிலுவை. கீழே, மழையில் கரைந்துபோன ஓர் ஆள் உருவம். தலையைச் சுற்றி வட்டம். கைகளில் எதையோ அணைத்துப் பிடித்திருந்தது. காலடியில் ஒரு சின்னப் புடைப்பு.

தலைவர் தொப்பியைக் கழற்றினார்.

"அந்தோனியார்," என்றார். "பாரும், தலையிலை ஒளிவட்டம். கையிலை குழந்தை யேசு. காட்டுக்குள்ளையும் எங்களுக்கு முன்னாலை வந்து நிக்கிறார்."

நான் பிறப்பால் சைவம். றீற்றாவைக் கட்டுவதற்காகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டவன். ஆகவே புனிதர்கள் விஷயத்தில் எனக்கு வாக்குரிமை இல்லை. அந்தக் குழந்தை யேசு கொஞ்சம் நீளமாகத்தான் எனக்குப் பட்டது. 

தலைவர் பையிலிருந்து சிவப்புக் கண்ணாடி விளக்கொன்றை எடுத்தார். இறந்தவர்கள் திருநாளுக்குக் கல்லறைகளில் ஏற்றும் விளக்கு. திருநாள் முடிந்ததும் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அதைக் கொளுத்திக் கல்லடியில் வைத்து முழந்தாளிட்டார்.

"அந்தோனியாரே, இண்டைக்கு ஒரு பன்றி தாரும். தந்தால் முதல் பங்கு உமக்கு. இது நேர்த்தி."

காற்று இல்லை. சுடர் ஒருதரம் முழுவதுமாகப் படுத்து, பிறகு எழுந்தது.

பைப் புகையிலை மணம் வந்தது.

"ஆரோ பைப் பத்துறாங்கள்," என்றேன் மெல்ல.

"காலமை நடக்க வந்த சனமாயிருக்கும். வாரும்."

வெட்டவெளியொன்றின் ஓரத்தில் மரப்பரண் ஒன்று நின்றது. காட்டைக் குத்தகைக்கு எடுத்த யாரோ வேட்டைக்காரனுடையது. தலைவர் மூச்சிரைக்க ஏறி உட்கார்ந்தார். நான் கீழே, ஏணியோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். சட்டைப் பையின் பாரம் தொடையில் இடித்தது. அந்தப் பாரத்துக்குள் என் மாசி மாதம் முழுவதும் இருந்தது.

குருவி ஒன்றுகூடக் கத்தவில்லை.

பின்னாலிருந்து மூச்சுச் சத்தம் வந்தது. குட்டி மூச்சு, வேக மூச்சு. நாக்கைத் தொங்கவிட்டு நாய் இரைக்கும் மூச்சு.

திரும்பினேன். புகார்.

முன்னுக்குத் திரும்பினேன். இரைப்பு முழங்காலுக்குப் பக்கத்தில் கேட்டது. நனைந்த நாயின் மணம் எழும்பியது. காற்சட்டைத் துணி அந்த இடத்தில் மட்டும் சூடாகி ஈரமானது.

"அண்ணை," என்று கிசுகிசுத்தேன். "இறங்குங்கோ. போவம்."

"ச்சூ. வருது."

வெட்டவெளியில் பன்றி வந்து நின்றது. கறுப்பு, பெரிது, தனி. அது எங்களைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் எதையோ பார்த்தது. பார்த்தபடி அசையாமல் நின்றது, நுரைப் பன்றி நிற்பதுபோலவே. அதனால்தான் தலைவரின் அம்பு பட்டது என்பதை நான் எந்த நீதிமன்றத்திலும் சத்தியம் செய்து சொல்வேன். வில் விட்ட சத்தம், ஓர் உறுமல், பற்றைகள் முறியும் ஓசை. பிறகு ஒன்றுமில்லை.

தலைவர் இறங்கி வந்தார். முகம் பெரிதாகியிருந்தது.

"ஒளிவிழா," என்றார்.

இலைகளில் இரத்தம் சொட்டியிருந்த வழியே போனோம். தூரமில்லை. ஓர் ஓக் மரத்தடியில் பன்றி கிடந்தது.

வலப்பக்கமாகச் சரித்துக் கிடத்தியிருந்தது.

வாயில் ஓர் ஓக் கொப்பு.

கார்த்திகையில் அந்தக் காட்டில் இருந்த அத்தனை ஓக் இலையும் பழுப்பு. இது பச்சை. முறித்த இடத்தில் சாறு கசிந்துகொண்டிருந்தது.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"நீரோ வைச்சது?" என்று கிசுகிசுத்தார்.

"நான் உங்களோடை எல்லோ வந்தனான்."

"அப்ப ஆர்?"

என் இடது காதுக்குப் பின்னால் ஒருவர் மூச்சு விட்டார். புகையிலை மணக்கும் கிழட்டு மூச்சு. அவசரமில்லாமல், மரியாதையாக, ஒரு சொல்.

"வைட்மன்ஸ்ஹைல்."

தலைவர் கத்தவில்லை. கத்தவும் ஒரு தைரியம் வேண்டும். அவர் என் மேல் பாய்ந்தார். சட்டைப் பையைப் பிய்த்தார். சிப் கிழிந்தது. கைத்துப்பாக்கியை உருவி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, புகாருக்குள் சுட்டார், சுட்டார், சுட்டுக்கொண்டே இருந்தார்.

சீனவெடிச் சத்தம். பிறகு மிளகாய்ப்பொடி கருகிய நெடி. கண் எரிந்தது. தொண்டை அடைத்தது. வீரரின் ஒறிஜினல் பிஸ்ரல் வெறும் சத்தமும் கண்ணெரிவுப் புகையும் கக்கும் பொய்த் துவக்கு. அந்தப் புகையும் திரும்பி எங்கள் முகத்திலேயே வந்து அடித்தது. பொய்த் துவக்கானாலும் பத்திரமில்லாமல் வெளியில் கொண்டு திரிந்தால் குற்றம் மெய்க் குற்றம்தான். இருமியபடி குந்தியிருந்தபோது எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாக வந்தது. பதினெட்டு வருசத்தை இந்த மனுசன் ஒரு விளையாட்டுச் சாமானுக்காகப் பணயம் வைத்திருக்கிறார்.

புகை மெல்ல விலகியது.

தலைவரைக் காணவில்லை.

தாழ்ந்த சீழ்க்கையொன்று கேட்டது. நாயைக் கூப்பிடும் சீழ்க்கை. இரைப்பு என் காலடியைக் கடந்து, இலைகளை அசைக்காமல் ஓடிப்போனது.

பன்றிக்கு அந்தப் பக்கம் அவர் கிடந்தார்.

வலப்பக்கமாகச் சரிந்து.

கை கால்கள் ஒழுங்காக மடக்கி வைத்திருந்தன. தொப்பி தலைமாட்டில். கண் திறந்திருந்தது. பற்களுக்கு நடுவே ஒரு பச்சை ஓக் கொப்பு.

"அண்ணை."

கண் மட்டும் அசைந்தது. கொப்பை இழுத்தேன். வரவில்லை. யாரோ மறுபக்கம் பிடித்திருப்பதுபோல இருந்தது. பிறகு பிடித்தவர் விட்டார்.

எப்படிக் காருக்கு வந்தோம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. வேகப்பாதையில் ஏறி, லொறிகளின் சத்தம் கேட்ட பிறகுதான் தலைவர் வாய் திறந்தார்.

"கால் தடக்கி விழுந்தனான்."

நான் லொறி ஒன்றை முந்தினேன்.

"வாயுக்கை இலை போட்டுது. அவ்வளவுதான்."

"ஆர் கதைச்சது?"

"ஒருத்தரும் கதைக்கேல்லை. நீர் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாதையும். சொன்னால் உமக்குத்தான் கரைச்சல். பிஸ்ரல் உம்மடை பொக்கற்றிலை எல்லோ இருந்தது."

காரை மரத்தில் மோதலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். மரம் என்ன பாவம் செய்தது.

வீட்டுக்கு வந்து கிழிந்த சட்டையைக் கழற்றியபோதுதான் கவனித்தேன். பையில் வேலை அட்டை இல்லை.

யோசித்துப் பார்த்தேன். களவாகக் கொன்ற பன்றி. அதன் பக்கத்தில் தலைவர் போட்டுவிட்டு வந்த கைத்துப்பாக்கி. அதன் பக்கத்தில் என் படம், என் பெயர், பல் தெரியச் சிரித்தபடி. இதைவிடத் தெளிவாக எந்தக் கள்ளனும் பொலிசுக்கு உதவி செய்ததில்லை. குத்தகைக்காரன் பொழுதுபடப் பரணுக்கு வந்தானென்றால் மாசி முடிந்தது.

"எங்கை போறியள்?" என்றாள் றீற்றா.

"பெற்றோல் அடிக்க."

பின்னேரம்தான். ஆனால் காட்டுக்குள் புகார் எழும்பவில்லை. காலையில் இருந்த அதே வெளிச்சம், எவரும் தொடாமல் வைத்ததுபோல இருந்தது. கார் நிறுத்திய இடத்தில் வேறு வாகனமில்லை.  கண்ணாடிக்கு அப்பால் கைகாட்டும் லவினியாவை நினைத்தேன். நடந்தேன்.

ஓக் மரத்தடி வெறுமை. பன்றி இல்லை. இரத்தமில்லை. இலைகள் வாரிவிட்டதுபோல ஒழுங்காகக் கிடந்தன. கைத்துப்பாக்கி இல்லை. அட்டை இல்லை. மண்டியிட்டுக் கையால் துழாவினேன். மணல் சில்லிட்டிருந்தது.

தூரத்தில், பாதை பிரியும் இடத்தில், சிவப்பாக ஒரு பொட்டு எரிந்தது.

அருகில் போனேன்.

பன்றி கல்லடியில் கிடந்தது. அம்பு இரண்டாக முறித்து அதன் மேல் குறுக்காக வைத்திருந்தது. விளக்குக் கண்ணாடியில் சாய்த்தபடி, நிமிர்ந்து, என் வேலை அட்டை. மண் துடைத்திருந்தது.

கைத்துப்பாக்கி மட்டும் இல்லை. பறிமுதல்.

அட்டையை எடுக்கக் குனிந்தபோது விளக்கு வெளிச்சம் பாசிக்குக் கீழே எழுத்துகளைக் காட்டியது. கார்த் திறப்பால் சுரண்டினேன். பழைய ஜெர்மன் எழுத்து. கூட்டிக் கூட்டி வாசித்தேன்.

இந்த இடத்தில் வனக்காவலர் இன்னார், பெயர் கரைந்துபோயிருந்தது, ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டில், களவு வேட்டைக்காரரால் சுடப்பட்டு உயிர்விட்டார். அவருடைய நாயும் அவரோடு. வழிப்போக்கனே, ஒரு செபம் சொல்.

நிமிர்ந்து உருவத்தைப் பார்த்தேன். ஒளிவட்டம் என்பது அகன்ற தொப்பி. குழந்தை யேசு என்பது நீளத் துவக்கு. காலடிப் புடைப்புக்கு இரண்டு காது இருந்தது.

தலைவர் களவு வேட்டைக்குப் போன வழியில், களவு வேட்டைக்காரன் கொன்ற காவல்காரனிடம் முழந்தாளிட்டு, களவுப் பன்றியில் முதல் பங்கு தருவதாகப் பேரம் பேசியிருக்கிறார். அதுவும் கல்லறை விளக்கேற்றி, ஆளை எழுப்பி.

சைவத்திலும் செபம் உண்டு. வாயில் வந்ததைச் சொன்னேன். மன்னியுங்கோ ஐயா, என்றும் சொன்னேன். தமிழில்தான். பிறகு ஜெர்மனிலும் சொன்னேன், ஒரு அலுவலகத்தில் சொல்வதுபோல.

திரும்பி நடந்தபோது இரைப்பு கூடவே வந்தது. ஓடவில்லை. என் நடைக்கு ஏற்றபடி, முழங்காலுக்குப் பக்கத்தில். சற்றுப் பின்னால் சப்பாத்து அழுந்தும் மணல். நான் நின்றால் அதுவும் நின்றது. வரைபடப் பலகை வரைக்கும் வந்து, அங்கே நின்றுவிட்டது. காரை எடுத்தபோது புகைக்குழாயொன்றைத் தட்டிச் சாம்பல் கொட்டும் சத்தம் கேட்டது. ஒரு தட்டு. இரண்டு தட்டு.

திரும்பிப் பார்க்கவில்லை.

மார்கழியில் ஒளிவிழா. மண்டபம் நிறைந்த சனம், பாலன்குடில், குழந்தைகளின் நடனம், அடுப்படியில் அண்டா நிறையப் பன்றிக்கறி. அது சுப்பர்மார்க்கெட் பன்றி. ஒன்றியத்தின் சமையலுக்குப் பொறுப்பான மகாதேவி அக்கா தன் கையால் பொதி பிரித்துச் சமைத்தார். தலைவர் அவருக்கு வாய்ப்பூட்டுப் போட்டிருந்தார்.

"கேட்டால் காட்டுப் பன்றி எண்டு சொல்லட்டாம்," என்று அவர் என்னிடம் முணுமுணுத்தார். "காட்டுப் பன்றிக்கு விலைச்சீட்டு ஒட்டியிருக்குமோ, தம்பி?"

தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். வில்லும் மேடையில் இருந்தது. கதை வளர்ந்தது. பன்றி எருமையளவு ஆனது. ஒரு ஜெர்மன் வனத்துறை அதிகாரி வந்து அவருக்குச் சலூட் அடித்துக் கைகொடுத்தார்.

"பன்றி பாய்ஞ்சு வருகுது. தற்பாதுகாப்புக்குப் பிஸ்ரல் என்ரை மச்சான் மகேந்திரராஜாட்டைக் குடுத்து வைச்சிருந்தனான். திரும்பிப் பாக்கிறன், ஆளைக் காணேல்லை. பிஸ்ரலையும் எறிஞ்சுபோட்டு ஓடிட்டார்."

மண்டபம் சிரித்தது. றீற்றா குனிந்துகொண்டாள். லவினியா சிரிக்கத் தொடங்கி, என்னைப் பார்த்து நிறுத்தினாள். அந்த நிறுத்தம்தான் எனக்குள் எரிந்தது. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லலாம். முந்நூறு சாட்சிகளுக்கு முன்னால், பையில் துப்பாக்கியோடு களவு வேட்டைக்குப் போனவன் நான் என்று சொல்லலாம். அதில் ஒருத்தன் வாய் போதும். நகத்தால் கதிரையைச் சுரண்டிக்கொண்டு இருந்தேன்.

முதல் கறிக் கோப்பை மேடைக்குப் போனது. தலைவர் ஒரு துண்டை எடுத்து, படம் பிடிப்பவருக்காக முகத்தைத் திருப்பி, வாயில் வைத்துக் கடித்தார்.

கடித்தபடி நின்றார்.

விரலை வாய்க்குள் விட்டு மெல்ல இழுத்தார். நீளமாக வந்தது.

பச்சை ஓக் கொப்பு. இலைகளோடு.

ஒலிவாங்கி திறந்திருந்தது. மண்டபம் முழுக்க நாயின் இரைப்பு கேட்டது. தலைவருக்கு இளைப்பு வந்துவிட்டதென்று சனம் நினைத்தது. யாரோ தண்ணீர் கொண்டுபோனார்கள். அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை. முன்வரிசையைப் பார்த்தார். அங்கே நகரபிதாவுக்கென்று போட்ட கதிரை ஒன்று வெறுமையாக இருந்தது. நகரபிதா வருவதாகச் சொல்லியிருந்தது தலைவர்தான். நகரபிதாவுக்கு அது தெரியாது.

கதிரையின் துணி நனைந்திருந்தது. கால்களைச் சுற்றி மணல். பைப் புகையிலை மணம் இரண்டாம் வரிசைவரை வந்தது.

தலைவர் மேடையை விட்டு இறங்கினார். தன் கோப்பையை அந்தக் கதிரையில் வைத்தார். முதல் பங்கு. வராத விருந்தினருக்குச் செய்த மரியாதை என்று எண்ணிச் சனம் கைதட்டியது.

குழந்தைகள் பாடி முடித்தபோது கோப்பை அப்படியே இருந்தது. ஒரு துண்டும் தொடப்படவில்லை. கடைப் பன்றி செல்லாது போலும்.

"ஆர் மண்டபத்துக்கை நாய் கொண்டந்தது?" என்று மகாதேவி அக்கா விளக்குமாறோடு வந்து திட்டினார். "கால் அடையாளம் அடுப்படி வரைக்கும் போகுது."

அன்றிலிருந்து ஒன்றியத்தின் எந்தக் கூட்டத்திலும் முன்வரிசையில் ஒரு கதிரை நனைந்தே இருக்கிறது. கூரை ஒழுகுகிறதென்று மண்டபக்காரரை இரண்டு முறை கூப்பிட்டுக் காட்டியாயிற்று. கூரையில் ஒன்றுமில்லை. கைத்துப்பாக்கியும் இன்றுவரை வெளிவரவில்லை. தலைவர் பேச எழும்பும்போதெல்லாம் முதலில் நாக்கால் பற்களைத் தடவிப் பார்க்கிறார்.

தை மாதம் நடந்த பொதுக்கூட்டத்தில் திருவாளர் விஜயரத்தினம் போட்டியின்றி மீண்டும் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார். வழிமொழிந்தது நான். மாசியில் எனக்கு டெர்மின் இருந்தது.